நாற்காலிக்குக் கட்டமில்லை

ஈரி நகரசபை எனக்குத் தந்தது
ஓர் ஆரஞ்சு மேல்சட்டை,
இரண்டே கட்டங்கள் உள்ள படிவம்:
கார். காலி.
பிப்ரவரி மாதம், செவ்வாய், காலை ஏழு முதல்
நகர நடுவில் நிற்கும் வண்டிகளை எண்ண வேண்டும்
மணிக்கொரு தரம், அதே தெருக்கள், அதே திசை.
க்ளீவ்லாந்திலிருந்து நேற்றிரவுதான் வந்தேன்.
ஏரி எங்கே என்று கேட்டதற்கு
விடுதிக்காரி சன்னலைக் காட்டினாள்.
வெள்ளை. அதற்குப் பின்னால் இன்னும் வெள்ளை.

ஸ்டேட் தெருவுக்கு மேற்கே மரங்கள்:
பீச், சாசஃப்ராஸ், மர்ட்டில், செஸ்ட்நட்.
பெயர்ப்பலகையில் மட்டும்.
கிழக்கே தேசங்கள்:
பிரெஞ்சு, ஹாலந்து, ஜெர்மன்.
எட்டு நிமிடத்தில் ஐரோப்பாவைக் கடந்தேன்.
பதினேழு கார், அறுபத்திரண்டு காலி.

காப்பீட்டுக் கம்பெனிகளின் வட்டாரத்தில்
நடைபாதையில் பொட்டுப் பனி இல்லை.
எட்டேகாலுக்கு மொத்தமும் நிரம்பிற்று;
என் வேலை அங்கே வெறும் கையெழுத்து.
இரண்டு தெரு தள்ளி
ஒரு துணிக்கடை இருந்த இடம் இப்போது தார்த்தரை.
பக்கத்துக் கட்டடத்தின் சுவரில்
இல்லாத மாடிப்படியின் தடம்
வளைந்து வளைந்து ஏறுகிறது.
மூன்றாம் மாடி உயரத்தில்
ஒட்டிக்கொண்டிருக்கிறது பச்சைக் குளியலறை ஓடு,
சோப்பு வைக்கும் மாடத்தோடு.
கீழே நாற்பது காலி.
எண்ணிவிட்டு ஏனோ
இன்னொரு முறை எண்ணினேன்.

ஒன்பது மணிக்கு, ஜெர்மன் தெருவில்,
இருபுறமும் இடுப்பளவு பனி குவித்து
நறுக்கென்று வெட்டியெடுத்த ஒரே ஓர் இடம்.
நடுவில் சமையலறை நாற்காலி:
மஞ்சள் ரெக்சின், கிழிசலில் செலோடேப்.
படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் வெற்றுத்தாள்.
பத்து மணிக்கும் நாற்காலி.
பதினொன்றுக்கு அதன்மேல் புதுப் பனி ஒரு மெத்தை.
எழுதப்போனேன்: காலி.

"காலியா?"
மளிகைக்கடைக் கதவைத் தோளால் தள்ளி வந்தாள்
ருக்மா புஜேல். கையில் துடைப்பம்.
"விடியக்காலை ஒன்றரை மணிநேரம் வாரினேன்.
என் தோளைக் கேள், காலியா என்று."
பஃபலோவிலிருந்து வெங்காய லாரி வருமாம்.
எப்போது?
"லாரி வரும்போது."
நாற்காலியை மட்டும் பெருக்கிவிட்டு உள்ளே போனாள்.

நண்பகலில் டிகிரி இன்னும் இறங்கியது.
பேனா உறைந்தது; பென்சிலுக்கு மாறினேன்.
எதிர்ச்சாரியில் பியர்க்கடை திறந்தார்கள்,
பஸ் நிலையத்துக்குள் ஆட்கள் அடைந்தார்கள்,
நிறுத்தக் கட்டண இயந்திரம் ஒன்று
யாரும் கேட்காமலே நன்றி சொன்னது.

இரண்டு மணிக்கு
நாற்காலியில் ஆள்.
ரயில்வே தொப்பி, கையுறையோடு சிகரெட்,
தெருவுக்குள் கால் நீட்டி
கடற்கரையில் இருப்பவர் மாதிரி.
டுவேன் ஸ்டெம்கோவ்ஸ்கி என்றார், கேட்காமலே.
கார் வைத்துக்கொண்டது தொண்ணூற்றொன்பதோடு சரி.
"என்னை எதில் போட்டாய்?"
சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை; நியாயமான கேள்விதான்.

நாலரைக்குக் காப்பீட்டுக்காரர்கள் கிளம்பினார்கள்.
சிவப்பு விளக்குகள் வரிசையாகப் பன்னிரண்டாம் தெரு வரை,
பிறகு விளக்குக் கம்பங்கள் மட்டும்.
தொண்ணூற்றாறு காலி, நூற்றிருபது காலி,
கை தானாக எழுதியது.

கடைசிச் சுற்று. ஜெர்மன் தெரு. இருட்டு.
நாற்காலி அங்கேயே.
மார்ஜினில் பென்சிலால் கோடு போட்டேன்,
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
எண்ணுகிறவன் கைப்பழக்கம்.
ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கப் போகையில் பார்த்தேன்:
நான்கு கால்களில் நிற்கிறது.
அப்படியே விட்டேன்.

முனையில் வெளிச்சம் திரும்பியது,
பின்நோக்கி வரும் லாரியின் பீப் பீப்.
ருக்மா வெளியே வந்து
ஒற்றைக் கையால் நாற்காலியைத் தூக்கி
என்னிடம் நீட்டினாள்:
"கொஞ்சம் பிடி."